நாலாவது வீடு வரை

குழாய் ஸ்பீக்கரை ரயில் பாதைப் பக்கம் திருப்பிக் கட்டினேன்.

பாதையைத் தாண்டினால் நாலாவது வீடு என் மகள் மலர்க்கொடியுடையது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். நான் அவள் வாசலில் போய் நின்று அசிங்கமாகப் பேசிவிட்டு வந்தேன். பதினோரு வருஷமாக அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தச் சாவுக்காவது அவள் வரவேண்டும்.

சாவு வீட்டில் கானா பாடுகிறவனை நம்ப முடியாது. குடித்துவிட்டு வந்து, செத்தவன் பெயரையே மாற்றிப் பாடுவான். அதனால் பாட்டைச் சிடியில் ஏற்றிவிட்டேன்.

சிடியைச் சரிசெய்தவன் பெனிட்டோ. ராயபுரத்தில் மாஸ்டரிங் செய்கிறவன். பாட மாட்டான், வாசிக்க மாட்டான். எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகு, எந்தச் சத்தம் ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று திருகிக்கொண்டிருப்பான். பதினெட்டு வருஷத்தில் நானூறு கேசட் அவன் கையைத் தாண்டித்தான் கடைக்குப் போனதாம். ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. எப்படி நம்புவது? காப்பி போட்டு விற்றுவிடுவான் என்று, வேலை முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் யாரும் கேட்காத ஒன்றை அவன் கேட்டான்.

“பெரியவரே, இத எதுல போடுவீங்க?”

குழாயில் என்றேன். குழாயில் அடிச்சத்தம் வராது, சும்மா குரலை அமுக்கும் என்று டோலக்கை இறக்கினான். பெயர் வரும் இடங்களை முன்னால் இழுத்தான். குழாயில் கேட்காமல் விடமாட்டேன் என்று இன்று என் மொட்டை மாடிக்கே வந்துவிட்டான்.

மத்தியானம் மூன்று மணி. போட்டோம்.

‘எங்கள வுட்டுப் போயிட்டியே அப்பாவு’ என்று குரல் எண்ணூர்க் கூரைகளைத் தாண்டிப் போனது. அனல்மின் நிலையத்து இரைச்சலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“அப்பாவு உங்களுக்கு இன்னா வேணும்?” என்றான் பெனிட்டோ.

“தெரிஞ்சவன்தான். நல்லவன்னு சொல்லிக்க முடியாது.”

இரண்டாவது சரணத்தில், பாதையைத் தாண்டி ஒரு பெண் ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை. கீழே வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கே யாரும் இல்லை. பாட்டு வந்த திசையில், “நைனா, நைனா” என்று தலையில் அடித்துக்கொண்டு படியேறினாள்.

மாடியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பெனிட்டோ அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாட்டை நிறுத்தக் கையை நீட்டினான்.

“வுடுப்பா, ஓடட்டும்,” என்றேன். “மன்னிப்பு மூணாவது சரணத்துல கீது.”