மூன்றாவது நாலு

கட்டைவிரலால் சீட்டின் முனையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். நாலு. அடுத்ததும் நாலு.

பேருந்துப் பணிமனையின் ஓய்வறை. மதிய இடைவேளை முடிந்து மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேசையைச் சுற்றி அவளோடு சேர்த்து ஆறு பேர்.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு கேட்டவர்களும் அந்த ஆறு பேர்தான். ஒருவருக்குத்தான் தர முடியும், யாருக்கென்று உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மேற்பார்வையாளர் கையைக் கழுவிவிட்டார்.

இங்கே பேசி முடிப்பது என்றால் போக்கர் ஆடுவது. பணத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஐம்பது இரும்பு வாஷர், மூன்று மதிய இடைவேளைகள். மூன்றாம் நாள் மணி அடிக்கும்போது யார் முன்னால் குவியல் பெரியதோ, விடுப்பு அவருக்கு. இன்று மூன்றாம் நாள்.

எதற்காக விடுப்பு என்று ஆட்டம் முடியும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. அதுவும் சட்டம்தான். சொன்னால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் ஆட்டம் குட்டிச்சுவர்.

எட்டாம் நம்பர் பேருந்தை ஓட்டுகிற அவளுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். அன்று மகளுக்கு நீச்சல் போட்டி. போன இரண்டு போட்டிகளின்போதும் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நீந்தி முடித்ததும் பிள்ளை நேரப் பலகையைக்கூடப் பார்க்காமல், யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்வையாளர் பக்கம்தான் தேடுகிறாள் எனப் பயிற்சியாளர் சொன்னார்.

நாலின் ஜோடி ஒன்றும் பெரிய கொம்பு இல்லை. எதிரில் ஒரே ஆள் என்றால் தைரியமாக நிற்கலாம். ஐந்து பேர் இருந்தால் யாரோ ஒருவரிடம் அதைவிடப் பெரியது இருக்கவே செய்யும். எனவே மலிவாக உள்ளே போக வேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் மூன்று சீட்டில் இன்னொரு நாலு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நாலு சேர்ந்தால் எந்த ஜோடியையும் அடித்துவிடும். இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

எட்டு தடவைக்கு ஒரு தடவைதான் வரும். மூன்று நாளில் ஐந்து சின்ன ஜோடிகளை அவள் இப்படித் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

ஆளுக்கு இரண்டு வாஷர் வைத்தார்கள். யாரும் விலையை ஏற்றவில்லை. ஆறு பேரும் உள்ளே.

டிக்கெட் பரிசோதகரும் ஏற்றவில்லை. சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு ஊமைச்சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அடுத்தபடியாகக் குவியல் அவரிடம்தான் பெரியது.

அந்த மடிப்பைப் பார்த்ததும் அவருக்கு நல்ல சீட்டு விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற நால்வருக்கும் தெரியவில்லை. நல்லது கைக்கு வந்தால் அந்த மனிதர் வாயே திறக்கமாட்டார். தொடக்கத்திலேயே கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் அவளுடையதைப் போன்ற சில்லறை ஜோடியெல்லாம் அப்போதே ஓடியிருக்கும். அது அவருக்கு என்றைக்கும் வராது.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ஒன்பது, நாலு, இரண்டு.

அவள் முகம் அசையவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை ஒருமுறை இறக்கத்தில் இதே முகத்தோடு ஓட்டி நிறுத்தியவள்.

மெக்கானிக் பத்து வாஷரை முன்னால் நகர்த்தினார். அவளும் பத்து வைத்தாள். பரிசோதகரும் வைத்தார். இரண்டு பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள்.

“இந்தச் சீட்ட வச்சுக்கிட்டு லீவு கேட்டா, அந்த லீவே என்னப் பாத்துச் சிரிக்கும்” என்று குண்டு நடத்துநரும் கவிழ்த்தார்.

நடுவில் நான்காவது சீட்டு ஏழு. மெக்கானிக் தயங்கினார், எதுவும் வைக்கவில்லை. அவள் இருபது வைத்தாள்.

பரிசோதகர் இப்போதுதான் விழித்துக்கொண்டார். இரண்டு கையாலும் குவியலை அப்படியே நடுவில் தள்ளினார். இந்த ஆட்டத்தில் வரம்பு கிடையாது, இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் வைத்துவிடலாம். மெக்கானிக் சீட்டைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவள் யோசிக்கவில்லை. அவர் வைத்த அளவுக்குத் தன்னுடையதையும் தள்ளிவிட்டு, சீட்டுகளைத் திருப்பினாள். நடுவில் கிடந்ததோடு சேர்த்து மூன்று நாலு.

பரிசோதகரும் திருப்பினார். இரண்டு ராஜா.

நடுவில் திறக்க இன்னும் ஒரு சீட்டு பாக்கி இருந்தது. அதில் ராஜா வந்தால் அவள் கதை முடிந்தது.

வந்தால் வரட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியது இதற்கா?

கடைசிச் சீட்டு ஆறு.

மணி அடிப்பதற்குள் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள், பேருக்கு. அவள் குவியல் பக்கத்தில்கூட யாராலும் வர முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். போகிற போக்கில் மெக்கானிக் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பரிசோதகர் மட்டும் கதவருகே நின்றார். மடித்த சட்டைக் கை மடித்தபடியே இருந்தது. அவர்கள் இருவரும் ஒரு வருடத்துக்கு மேலாக நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்:

“பாப்பாகிட்ட கண்டிப்பா வர்றேன்னு சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு டியூட்டின்னு நீயே சொல்லிடு.”