பாலையில் ஒரு பந்தல்

பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பிய சில நாள்களிலேயே என் கால்கள் ராஜினாமா கொடுத்துவிட்டன. மனைவி பூங்கோதைதான் சளைக்காமல் நடந்தாள். மகள் இறந்த பிறகு அவளுக்குத் தூக்கமே இல்லை. நடந்து களைத்தாலாவது வராதா என்றுதான் வந்திருந்தோம். கண்ணுக்கெட்டிய வரை ஒரு முள்மரம்கூட இல்லை. வெயில் சாயத் தொடங்கியதும் என் நிழலுக்குள் வந்து படுத்துக்கொண்டாள்.

"முப்பது வருஷமா வடிச்சுக் கொட்டினதுக்கு இன்னைக்குத்தான் ஒரு பந்தல் கிடைச்சிருக்கு. அசையாம நில்லுங்க."

"அடிப்பாவி, என்னைப் பந்தக்கால் ஆக்கிட்டியே!"

அதற்குள் வாயைத் திறந்தபடி, மெல்லிய குறட்டையோடு தூங்கிவிட்டிருந்தாள். அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் எத்தனை நாளாயிற்று! சூரியன் நகர நகர நானும் அரையடி அரையடியாக நகர்ந்தேன். மணல்மேடுகள் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கின. எழுப்பிவிடலாமா என்று ஒருமுறை குனிந்தேன். அவள் நெற்றியில் வெயில் பட்டது, சட்டென்று நிமிர்ந்துகொண்டேன். கடைசியில் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே மடிந்தன. மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

நிழல் உட்காரவில்லை. அவளை மூடியபடி அங்கேயே நின்றது, தொப்பையோடு.