மெஷினுக்குப் பின்னால் ஒரு எண்

"இந்தக் கணக்கு முடியட்டும் அக்கா, அப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி வாஷிங் மெஷின் மெக்கானிக். வயது முப்பத்து மூன்று. ஸ்பேனர் பிடிக்க வேண்டிய கை, ஞாயிற்றுக்கிழமைகூடப் பேனாவை விடமாட்டேன் என்கிறது.

"பொண்ணு வீட்டுல சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கறாங்கடா. எத்தனை இடத்தைத்தான் நீ தட்டிக் கழிப்பே?"

"நாப்பதாயிரம் வரைக்கும் வகுத்துப் பார்த்துட்டோம். பாதியில விட முடியுமா?"

எல்லாம் நான்கு மாதத்துக்கு முன்னால், மாடியில் தனியாகக் குடியிருக்கும் கணக்கு டீச்சரின் மெஷினைச் சரிசெய்யப் போனதில் வந்த வினை. மெஷினுக்குப் பின்னால் பதினோரு இலக்கத்தில் ஒரு எண். "இது பகா எண்ணா இருக்குமோ? எதால வகுத்தாலும் மீதி வருமோ?" என்று அவள் கேட்டாளாம். "பார்த்துடுவோம்" என்றானாம் இவன்.

அன்றே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒன்றிலும் ஏழிலும் முடிகிற எண்களால் வகுத்துப் பார்ப்பது அவள் பாடு. மூன்றிலும் ஒன்பதிலும் முடிகிறவை இவன் பாடு. தினமும் மாலை, மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் சரிபார்ப்பார்கள். எதாலும் வகுபட்ட பாடில்லை.

"கம்ப்யூட்டர்ல தட்டினா நொடியில சொல்லிடுமாமே?"

"அது அழுகுணி ஆட்டம் அக்கா."

இவனிடம் பேசிப் பயனில்லை. அக்கா விடுவிடுவென்று மாடியேறினாள்.

"டீச்சர், நீங்களாவது அந்தக் கணக்கைச் சீக்கிரம் முடிச்சு விடுங்க. ஒரு நல்ல இடம் வந்திருக்கு. இவன் கணக்கு கணக்குன்னு அதையும் கோட்டை விட்டுடுவான் போலிருக்கு."

டீச்சரின் முகம் சட்டென்று வாடியது.

"இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்க்கா."

"ரெண்டு வருஷமா? அதுக்குள்ள அவனுக்குத் தலை நரைச்சுடும். நோட்டைக் கொண்டாங்க, நானும் நாலு கணக்கு போட்டுத் தள்ளறேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்" என்று டீச்சர் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அக்கா விடவில்லை. பிடுங்கி, முதல் பக்கத்தைப் புரட்டினாள். சிவப்பு மையில் கட்டம் கட்டி, அந்த எண்.

அக்கா எண்ணைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

படியிறங்கும்போதே அக்கா போனில் பேசிக்கொண்டு வந்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க பையனுக்கு வேற இடத்துல முடிவாயிடுச்சு."

கீழே நின்ற தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த இடத்துல?"

"மாடியிலதான். ஏண்டா, எட்டுல முடியற நம்பர் ரெண்டால போகும்னு எனக்கே தெரியுது. நாலு மாசமா உனக்கும் அந்தக் கணக்கு டீச்சருக்கும் தெரியலையாக்கும்?"