பேர் வெட்டாத சாமான்

'டணார்' என்று கல்யாண வீட்டு வளவு முற்றமே அதிர்ந்தது. கிழக்குப் பக்கத்துப் பாத்திர அடுக்கின் உச்சியிலிருந்த எவர்சில்வர் குடம் சரிந்து, மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைகிற நேரம் பார்த்து, உருண்டு போய் அவர்கள் காலடியில் நின்றது.

பெண்ணைப் பெற்ற உமையாள் ஆச்சிக்கு முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற தேனம்மை ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மற்றவர்கள் அசைவதற்குள் மாப்பிள்ளையின் தாயார் மீனம்மாள் ஆச்சி குனிந்து குடத்தை எடுத்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பைத் தடவினாள். முந்தானையால் ஒரு துடை துடைத்தாள்.

"நசுங்கலை. இம்புட்டு உசரத்துக்கா அடுக்குறது? கீழ வைங்க."

"ஒசத்தியா மட்டமான்னு பாக்குறாக. மாட்டிக்கிட்டோம் ஆச்சி," என்று உமையாள் கிசுகிசுத்தாள்.

"சிரிச்ச முகமா நில்லுங்க," என்றாள் தேனம்மை. "சாமான் கேட்டது நீங்க. பயப்படுற வேலை என்னோடது."

பெண்ணுக்குத் தருகிற சீரை எல்லாம் கல்யாண வீட்டில் பரப்பி வைப்பதும், சம்பந்தி வீட்டார் சுற்றி வந்து பார்ப்பதும் செட்டிநாட்டு வழக்கம். பல வீடுகளில் பணம் பர்மாவோடு போயிற்று. வழக்கம் மட்டும் காரைக்குடியிலேயே தங்கிவிட்டது. அந்த இடைவெளியில்தான் தேனம்மை தொழில் தொடங்கினாள். முதலில் தன் சீர்ப் பாத்திரங்களை வாடகைக்கு விட்டாள். பிறகு மதுரைக்குப் போய் எவர்சில்வராக வாங்கிக் குவித்தாள்.

சாமான் வைக்கோல் வண்டிக்குள் போகும், வைக்கோல் வண்டிக்குள்ளேயே திரும்பும். மாப்பிள்ளை மெட்ராஸில் ஒற்றை அறையில் குடியிருந்தால்தான் ஆர்டர் எடுப்பாள். 'சாமான் இப்போதைக்குப் பெண் வீட்டிலேயே இருக்கட்டும்' என்று சம்பந்திகளே சொல்லிவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது பெண் வீட்டார் சமர்த்து.

சாமான் போகிற கல்யாணத்துக்கெல்லாம் தேனம்மையும் பெண்ணின் பெரியம்மாவாகப் போய்விடுவாள். காவலுக்குக் காவல், விருந்துக்கு விருந்து.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தொழிலில் ஆறு மாதமாக எவனோ ஒருவன் போட்டிக்கு இறங்கியிருந்தான். வாடகையைக் குறைத்தான். போதாததற்கு ஒரு ஜோடிக் குத்துவிளக்கை வேறு இனாமாக அனுப்பினான். யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. குன்றக்குடிச் சாலையில் ஒரு புளியமரத்தடியில் வண்டிக்கு வண்டி சாமான் மாறும், அவ்வளவுதான் சேதி.

இந்த முகூர்த்தத்தில் தேனம்மைக்கு இரண்டு கல்யாணம் சேர்ந்து வந்துவிட்டது. சாமான் போதவில்லை.

"அந்த எதிராளிக்கிட்டயே வாடகைக்குக் கேப்பமா ஆச்சி?" என்று தலையைச் சொறிந்தான் வண்டிக்காரன் சின்னக்கருப்பு.

முதலில் அவனைத் திட்டினாள். பிறகு யோசித்தாள். "ஆர்டரை விட்டா அவன்கிட்டத்தான் போகும். அவன் சாமானைக் கொண்டாந்து நம்ம பரப்பிப்புட்டா, நல்ல பேரு நமக்கு. எந்த வீட்டுக்குன்னு மட்டும் வாயைத் திறக்காத."

அப்படிப் புளியமரத்தடி வழியாக வந்து சேர்ந்ததுதான் கிழக்குப் பக்கத்துச் சாமான் அத்தனையும்.

மீனம்மாள் ஆச்சி சுற்றிவர ஆரம்பித்தாள். மேற்கே தேனம்மையின் சொந்தச் சாமான். போகிற போக்கில் பார்த்தாள். கிழக்கே வந்ததும் கால் நகரவில்லை. ஒரு தூக்கைத் திறந்து மூடினாள். ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

குறைந்த வாடகைக்கு விடுகிறவன் சரக்கு எப்படி இருக்கும் என்று தேனம்மை பல்லைக் கடித்தாள். அவன் யாரென்று மட்டும் தெரியட்டும்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை நாச்சியார் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"என்ன இது, ஒண்ணுலயும் பேரு வெட்டலை? பேரு வெட்டாத சாமான் எந்த வீட்டுதுன்னு யாரு கண்டா?"

இதற்குத் தேனம்மை ஒரு பதில் வைத்திருந்தாள். அவள் வாயெடுப்பதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

"பேருக்கு என்ன அவசரம் நாச்சியா?" என்றாள் மீனம்மாள். "மெட்ராசுல தனியாக் குடித்தனம் வச்ச பெறகு, புருசன் பேரையும் சேத்து வெட்டிக்கிறட்டும். இப்ப எல்லாம் அதுதான் நாகரிகம்."

"நமக்கென்ன தெரியுது," என்று நாச்சியார் தட்டை வைத்துவிட்டாள்.

தேனம்மைக்கு மூச்சு வந்தது. அவள் சொல்ல இருந்த அதே பதிலைச் சம்பந்தியே சொல்கிறாளென்றால் அது கொப்புடையம்மன் செயல்தான்.

"சாமான் நெறஞ்சு கெடக்கு. எங்களுக்குத் திருப்தி," என்று மீனம்மாள் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டாள். உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பலகாரத்துக்கு அழைத்துப் போனாள்.

தேனம்மையும் நகரப் பார்த்தாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"நீங்க பொண்ணுக்குப் பெரியம்மாவா?" என்றாள் மீனம்மாள்.

"ஆமா ஆச்சி."

"போன மாசம் கோட்டையூர்க் கல்யாணத்துலயும் நீங்கதான பெரியம்மா?"

தேனம்மை கையை உருவப் பார்த்தாள். நாளைக்குக் கல்யாணமும் நின்றுபோகும், தொழிலும் சந்தி சிரிக்கும். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

மீனம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"முகூர்த்தம் முடிஞ்ச கையோட கெழக்கு வரிசையை எனக்குத் திருப்பி அனுப்பிருங்க ஆச்சி; அதை நான் ஒக்கூர்க் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருக்கேன்."