மதிவதனி பாஸ்

"குடை எதுக்கு?"

"மழைக்கு."

"நாய் எதுக்கு?"

"வூட்டுக் காவலுக்கு."

"சபாஷ்! இப்ப இன்னா வருஷம்?"

எட்டு வயது மதிவதனி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து... தொண்ணூத்தொண்ணு!"

"என் கண்ணு! இதே மாதிரி உள்ளயும் சொல்லணும், இன்னா?"

குன்றத்தூரில் அந்தப் பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, செங்கமலம் மகளைக் கடைசி முறையாக ஒப்பிக்கவைத்துக் கொண்டிருந்தாள். யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று அவள் புருஷன் திருமலை மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கேள்விகள் அத்தனையும் அவுட்! அவுட் செய்தவள் பக்கத்து வீட்டு நடேசனின் மனைவி. போன மாதம் அவள் மகனுக்கு இதே டெஸ்ட் நடந்தபோது கூடவே உட்கார்ந்திருந்தவள். ஒரு கூடை முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

வேறு என்னதான் செய்வது? மூன்று பள்ளிக்கூடங்கள் மதியை வேண்டாம் என்று அனுப்பியாயிற்று. மூன்றாவது ஹெட்மாஸ்டர்தான் இந்தப் பள்ளியின் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "டெஸ்ட் வெச்சுதான் சேத்துப்பாங்க. போய்ப் பாருங்க" என்றார். விசாரித்தால், எட்டுப் பிள்ளைக்கு இரண்டு டீச்சராம்! சேரப்பணஞ்சேரிக்கே வேன் வந்து கூட்டிப் போகுமாம்! கலெக்டர் பிள்ளைக்குக்கூட இந்த யோகம் கிடையாது. இதையும் விட்டால் மதிக்கு இனிப் பள்ளிக்கூடமே இல்லை.

மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. திருமலை, தான் வேலை பார்க்கும் மறைமலை நகர் ஃபேக்டரியிலிருந்து கழித்துப் போட்ட மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். டெஸ்டில் அடுக்கச் சொல்வார்களாமே, அதே மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்தான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அடுக்கு, கலை, மறுபடி அடுக்கு. மதி அழுதாள். செங்கமலமும் அழுதாள். ஆனாலும் பாடம் நிற்கவில்லை.

"அந்த நடேசன் பையனுக்கு எப்டிதான் சீட்டு குட்த்தாங்களோ!" என்று திருமலை பொருமாத நாளில்லை. "ஒரு கேள்விக்கும் வாயத் தொறக்கலியாம். பேந்தப் பேந்த முழிச்சிக்கினு குந்தினு இருந்தானாம்."

"எல்லாம் ரெகமண்டேஷன்தான்" என்பாள் செங்கமலம். "நமக்கு யாரு கீறாங்க? நம்ம பொண்ணு பதில் சொல்லித்தான் ஜெயிக்கணும்."

கதவு திறந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

டெஸ்ட் எடுக்கும் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தார். குடை வந்தது, மழை வந்தது. நாய் வந்தது, காவல் வந்தது. சிவப்பு, வெள்ளைக் கட்டைகளை மதி மளமளவென்று அடுக்கிய வேகத்தில் டாக்டரம்மாவின் புருவமே உயர்ந்துவிட்டது. மேஜைக்குக் கீழே திருமலை மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினான்.

"வெரிகுட்! அம்மா பேரு என்னம்மா?"

செங்கமலத்துக்குப் பகீரென்றது. அடிப்பாவி, இதை நடேசன் பெண்டாட்டி சொல்லவே இல்லையே!

மதி திருதிருவென்று விழித்தாள். சுவரைப் பார்த்தாள். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா" என்றாள்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா பேரு அம்மாவா? படு சுட்டி!" அதற்கும் ஒரு டிக் விழுந்தது.

போன உயிர் திரும்பி வந்தது செங்கமலத்துக்கு.

டாக்டரம்மா மார்க்கைக் கூட்டினார். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினார். "பிரமாதம் சார்! உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. ஃபுல் மார்க்!"

திருமலைக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டான். "யூனிஃபார்ம்கூட தெச்சி வெச்சிட்டோம் டாக்டரம்மா. திங்கக்கெழமையே கொண்ணாந்து வுட்றட்டுமா?"

"இங்கயா? எதுக்கு?"

"இன்னா டாக்டரம்மா இப்டி கேக்கறீங்கோ? அதான் எல்லாத்துலயும் பாஸ் பண்ணிடுச்சே!"

டாக்டரம்மா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்கான ஸ்கூல் சார் இது. ஃபெயிலானாத்தான் சீட்டு!"