சட்டைப்பை ரேடியோ

“முட்டை ஆறிப்போச்சுன்னா உள்ள இருக்கற குஞ்சு அத்தனையும் செத்துருமுங்க தம்பி. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.”

வசந்தாமணி சொல்லி முடிப்பதற்குள் செங்கோடன் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டான். கரண்ட் போனால் குஞ்சு பொரிக்கும் மிஷினை லாரி பேட்டரியில் ஓட வைக்கிற பெட்டி அது. காலையில் கரண்ட் போனது. பெட்டியும் கூடவே புகைந்து படுத்துக்கொண்டது. கரண்ட் ஆபீசுக்கு ஓடிய அவள் கணவன் ராசப்பன், போகிற வழியில் நாமக்கல் கடைவீதியில் இந்த ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து அனுப்பியிருந்தான்.

புது மிஷின் வாங்கி முதன்முதலாக வைத்த முட்டைகள். நாளைக்குப் பொரிக்க வேண்டும். அவள் பதறிக்கொண்டு நிற்கிறாள். வந்தவனோ சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதன் ஒயரைக் காதில் செருகிக்கொண்டு வேலை பார்க்கிறான். கிரிக்கெட் நடந்தால் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அலைகிறார்கள். தாலி கட்டுகிற மாப்பிள்ளைகூட ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் முடிச்சுப் போடுவான் போலிருக்கிறது. வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போர்டுல ஒரு டிரான்சிஸ்டர் கருகிப் போச்சுங்க அக்கா. மத்ததெல்லாம் ஒயர் வெச்சு ஒப்பேத்திருவேன். அந்த ஒரு சாமானுக்குத்தான் சேலம் போகோணும்.”

“போயிட்டு வர்ற வரைக்கும் முட்டை தாங்குமுங்களா?”

“தாங்காதுங்க.”

“எங்க ஊட்டு ரேடியோவுல அந்தச் சாமான் இருக்காதா?”

“அது பழைய வால்வு ரேடியோங்க. ஆகாது.”

வசந்தாமணியின் கண் அவன் சட்டைப்பைக்குப் போனது.

“உங்க பாக்கெட்ல இருக்குதே, அதுல?”

செங்கோடனின் கை தானாகப் பையைப் பொத்திக்கொண்டது. “இதுல… இருக்குதுங்க.”

“அப்புறம் என்ன ரோசனை? ஒரு நாளைக்குக் கிரிக்கெட் கேக்கலைன்னா குடியா முழுகிப் போகுது? இங்க அத்தன உசுரு துடிச்சுட்டுக் கெடக்குதுங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“அடுப்புல நெருப்பு இருக்குதுங்களா? ஈயம் பத்த வெக்கற கம்பியச் சூடு பண்ணோணும்” என்றபடி காதிலிருந்த ஒயரை உருவினான்.

சின்னப் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்து பயறு அளவில் ஒன்றைப் பிடுங்கினான். அவள் அடுப்பங்கரைக்கும் மிஷின் அறைக்குமாக ஓடி ஓடிக் கம்பியைச் சுட வைத்துக் கொடுத்தாள். நடுவில், “ஆகுமுங்களா தம்பி?” என்று கேட்டதற்கு அவன் நிமிரவே இல்லை. பேசியது சுட்டுவிட்டதோ என்று அவளுக்கு உறுத்தியது.

கடைசி ஒயரை முறுக்கியதும் பெட்டி ‘டக்’கென்றது. மிஷினுக்குள் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. வசந்தாமணிக்குப் போன உயிர் வந்தது. செங்கோடன் மட்டும் நம்பாதவனைப் போல மிஷின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதன் அதிர்வு கையில் தெரிந்த பிறகுதான் சிரித்தான்.

“நீங்க நல்லா இருக்கோணும் சாமி. பதட்டத்துல என்னென்னமோ பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.”

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாமான்களைப் பையில் போட்டான்.

“காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க தம்பி.”

அதற்கும் பதில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தான். மனசு பொறுக்காமல் அவள் ஓடிப்போய் அவன் எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நாளைக்குப் பொரிக்கற குஞ்சு அத்தனையும் நீங்க குடுத்த உசுருங்க.”

செங்கோடன் அவள் உதடுகளையே பார்த்தான். பிறகு கூச்சத்தோடு, கொஞ்சம் உரக்கச் சொன்னான்:

“நீங்க என்னமோ நல்லதாத்தான் சொல்றீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க அக்கா. ஆனா பாக்கெட்ல இருந்தது ரேடியோ இல்லீங்க, எனக்குக் காது கேக்கற மிஷினு. நாளைக்குச் சேலம் போயிச் சாமான் வாங்கி அதுல போட்டுட்டு வாரேன். அப்ப இன்னொருக்கா சொல்லுங்க, அப்படியே குஞ்சு கத்தறதையும் கேட்டுப்போட்டுப் போறேன்.”