ஆற்றுநீரில் ஆட்டப்பலகைகள்

ஓஹையோ ஆறு கரை உடைத்து, பழைய விளையாட்டுப் பொருட்களின் அருங்காட்சியக நிலவறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. பழைய சீட்டுக்கட்டுகள் பெட்டியோடு மிதக்கின்றன. ராணிகளின் சிவப்புச் சாயம் கலங்கல் நீரில் புகைபோல் விரிகிறது. இடுப்பளவு தண்ணீரில், அருங்காட்சியகக் காப்பாளர் ஆர்லீன், காய் நகர்த்தி ஆடும் ஓர் ஆட்டப்பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அதன் ஓரத்தில் காகிதம் உரிந்து தொங்குகிறது. அச்சிட்ட நீராவிக்கப்பலின் நீலம் கரைந்து அவள் நெற்றியில் வழிகிறது. கூரைவிளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

"தண்ணில கரண்ட் பாஞ்சிரும், மேல வா! இந்த அட்டைக்காகவா உசுர விடப்போற?" படிக்கட்டில் குனிந்து கத்துகிறார் காவலாளி டெல்பர்ட்.

"உலகத்துல இது ஒண்ணுதான் மிச்சம், டெல்பர்ட்!"

"நீயும் ஒருத்திதான்! கையக் குடு!"

நீட்டிய கையில் அவள் பலகையை வைக்கிறாள். "தேய்க்காதீங்க, ஈரத்தத் துணியால ஒத்தி எடுங்க," என்று சொல்லிவிட்டு, மிதக்கும் பெட்டிகளை நோக்கித் திரும்பி நடக்கிறாள்.